மூளையைப் பின்பற்றும் சில்லுகள்: தொழிலிலும் மருத்துவத்திலும் அவற்றுக்கு எங்கே இடம்?

மனித மூளையில் ஏறத்தாழ 8,600 கோடி நியூரான்கள் இருக்கின்றன. அவை அனைத்தும் சேர்ந்து செலவிடும் மின்திறன் சுமார் 20 வாட் மட்டுமே. தரவு மையங்களில் செயற்கை நுண்ணறிவுக்கெனப் பொருத்தப்படும் என்விடியா எச்100 என்ற ஒற்றைச் செயலி 700 வாட் வரை எடுத்துக்கொள்கிறது. நியூரோமார்ஃபிக் சில்லுகள் எனப்படும், மூளையின் வேலைமுறையைப் பின்பற்றி வடிவமைக்கப்பட்ட சில்லுகளைப் பற்றிய அறிமுகங்கள் பெரும்பாலும் இந்த இரண்டு எண்களையும் அருகருகே வைத்துத்தான் தொடங்குகின்றன. எண்களில் தவறில்லை. ஆனால் அவற்றைப் படிப்பவர், தரவு மையங்களில் இப்போதுள்ள செயலிகளின் இடத்தை இந்தச் சில்லுகள் விரைவில் பிடித்துவிடும் என்று எண்ணிக்கொள்வது இயல்பு. அப்படி இதுவரை நடக்கவில்லை.

இச்சில்லுகளுக்கு உண்மையான தேவை இருப்பது வேறோர் இடத்தில். பெரும்பாலான நேரம் எதுவும் நிகழாத, ஆனால் எப்போது நிகழும் என்று முன்கூட்டியே சொல்ல முடியாத ஒன்றை, சிறிய பேட்டரியை வைத்துக்கொண்டு, இரவும் பகலும் கவனித்துக்கொண்டே இருக்க வேண்டிய வேலைகள் பல உள்ளன. சுழலும் இயந்திரத்தின் அதிர்வு, நோயாளியின் இதயத் துடிப்பு, தன் பெயரைக் கூப்பிடும் குரலுக்காகக் காத்திருக்கும் கருவி ஆகியவை எல்லாம் இந்த வகை. வந்து சேரும் சமிக்ஞையில் மௌனம் எவ்வளவு என்பதே இங்கு முதலில் கேட்க வேண்டிய கேள்வி. மௌனம் மிகுதியானால் இச்சில்லுகளுக்கு வேலை உண்டு, குறைவானால் வழக்கமான செயலிகளே மேல். இதற்கான காரணம் சில்லின் உள்ளமைப்பில் இருக்கிறது.

வழக்கமான கணினி எங்கே ஆற்றலைச் செலவழிக்கிறது?

1945-இல் ஜான் வான் நியூமன் எழுதிய அறிக்கையில் விவரிக்கப்பட்ட அமைப்பையே இன்றைய கணினிகளும் அடிப்படையில் பின்பற்றுகின்றன. கணக்கிடும் பகுதி ஓரிடத்தில் இருக்கும், எண்களையும் கட்டளைகளையும் சேமித்து வைக்கும் நினைவகம் இன்னோரிடத்தில் இருக்கும். ஒவ்வொரு கோப்புக்கும் தன் மேசையிலிருந்து எழுந்து பதிவறைக்குப் போய், கோப்பை எடுத்து வந்து, ஒரு வரி எழுதி, மீண்டும் கொண்டுபோய் வைக்கும் எழுத்தரைப் போன்றது இந்த ஏற்பாடு. அவருக்கு எழுதுவதில் ஆகும் களைப்பு கொஞ்சம்தான், நடையில் ஆவதுதான் அதிகம்.

இந்த நடையின் செலவைப் பலரும் அளந்திருக்கிறார்கள். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர் மார்க் ஹோரோவிட்ஸ் 2014-இல் முன்வைத்த கணக்கு இன்றும் அடிக்கடி எடுத்துக்காட்டப்படுகிறது. 45 நானோமீட்டர் சில்லு உற்பத்தித் தொழில்நுட்பத்தில் இரண்டு 32 பிட் தசம எண்களைக் கூட்டுவதற்கு ஏறத்தாழ 0.9 பைகோஜூல் ஆற்றல் ஆகிறது. அதே அளவுள்ள ஓர் எண்ணைச் செயலிக்கு வெளியே உள்ள நினைவகத்திலிருந்து எடுத்து வருவதற்கோ சுமார் 640 பைகோஜூல் ஆகிறது. கூட்டலைவிட எடுத்துவருவது ஏறத்தாழ எழுநூறு மடங்கு செலவு என்று பொருள். கோடிக்கணக்கான எண்களை ஒவ்வொரு நொடியும் எடுத்து வர வேண்டிய செயற்கை நுண்ணறிவுப் பணிகளில் மின்சாரம் எங்கே போகிறது என்பது இதிலிருந்தே விளங்கும்.

இரண்டாவது செலவு கடிகாரத்தால் வருவது. வழக்கமான சில்லில் ஒரு கடிகாரச் சமிக்ஞை இடைவிடாமல் ஓடிக்கொண்டிருக்கும். உள்ளே வரும் தரவில் மாற்றம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், குறிப்பிட்ட இடைவெளியில் அளவெடுத்து, குறிப்பிட்ட கணக்கை முடித்தே தீர வேண்டும். வெறும் சுவரைப் படமெடுத்துக்கொண்டிருக்கும் கண்காணிப்புக் கேமராவும், நெரிசலான சாலையைப் படமெடுக்கும் கேமராவும் நொடிக்கு ஒரே எண்ணிக்கையிலான படங்களைத்தான் அனுப்புகின்றன.

மூளை இவை இரண்டையும் வேறு விதமாகக் கையாள்கிறது. அங்கே நினைவு என்பது தனியறை அன்று. நியூரான்களுக்கு இடையிலான சினாப்ஸ் இணைப்புகளின் வலிமையிலேயே அது பதிந்திருக்கிறது, கணக்கும் அதே இணைப்புகளின் வழியேதான் நடக்கிறது. எல்லா நியூரான்களையும் ஒரே தாளத்தில் ஓட்டும் மையக் கடிகாரமும் இல்லை. ஒரு நியூரான், தனக்கு வந்து சேரும் தூண்டுதல் போதுமானதாக இருந்தால் மட்டுமே ஒரு சிறு மின்துடிப்பை அனுப்பும், மற்ற நேரத்தில் சும்மா இருக்கும். அந்த மின்துடிப்பைத்தான் இத்துறையினர் ஸ்பைக் என்கிறார்கள்.

ஒரு செயற்கை நியூரானை அருகில் சென்று பார்ப்போம்

இச்சில்லுகளில் மிகப் பரவலாகப் பயன்படும் நியூரான் மாதிரி எளிமையானது. அதன் வேரை 1907-இல் பிரெஞ்சு அறிவியலாளர் லூயி லாபிக் செய்த ஆய்வு வரை பின்தொடரலாம். ஒரு நியூரானிடம் ஒரு சேமிப்பு எண் இருப்பதாகக் கொள்வோம். ஸ்பைக் ஒன்று வந்தால் அந்த எண் 4 கூடும். எதுவும் வராவிட்டாலும் ஒவ்வொரு மில்லிநொடிக்கும் 1 வீதம் அது கசிந்து குறையும். எண் 10-ஐ எட்டினால் நியூரான் தானே ஒரு ஸ்பைக்கை அனுப்பிவிட்டுச் சுழியத்துக்குத் திரும்பும்.

இப்போது மில்லிநொடிக்கு ஒன்றாக மூன்று ஸ்பைக்குகள் அடுத்தடுத்து வருகின்றன என்று வைத்துக்கொள்வோம். முதலாவதில் எண் 4 ஆகிறது. இரண்டாவது வருவதற்குள் ஒன்று கசிந்து 3 ஆகி, பிறகு 7 ஆகிறது. மூன்றாவது வரும்போது 6-உடன் 4 சேர்ந்து 10 ஆகிவிடுவதால் நியூரான் ஸ்பைக்கை அனுப்பிவிடுகிறது. அதே மூன்று ஸ்பைக்குகள் ஐந்து மில்லிநொடி இடைவெளியில் வந்தால் நிலைமை வேறு. ஒவ்வொன்றும் சேர்த்த 4, அடுத்தது வருவதற்குள் முழுவதும் கசிந்துவிடும். எத்தனை மணி நேரம் அப்படியே வந்துகொண்டிருந்தாலும் அந்த நியூரான் வாய் திறக்காது. ஆகவே இந்தச் சிறு அமைப்பு தூண்டுதல்களின் எண்ணிக்கையை மட்டும் பார்ப்பதில்லை, அவை எவ்வளவு நெருக்கமாக வருகின்றன என்பதையும் சேர்த்தே பார்க்கிறது. காலத்தில் விரியும் ஒலி, அதிர்வு, இதயத்துடிப்பு போன்ற சமிக்ஞைகளுக்கு இது பொருந்தி வருவதன் காரணம் அதுவே.

இப்படிப்பட்ட நியூரான்களை ஆயிரக்கணக்கில் அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் வேண்டிய இணைப்பு வலிமைகளை அதன் அருகிலேயே சேமித்து வைத்து, ஸ்பைக் வரும்போது மட்டும் அந்தந்தப் பகுதி வேலை செய்யும்படி அமைத்தால் கிடைப்பதே நியூரோமார்ஃபிக் சில்லு. ஸ்பைக் வராத பகுதி ஏறக்குறைய உறங்குகிறது என்றே சொல்லலாம். மௌனத்துக்குச் செலவு மிகக் குறைவு என்பது இதனால்தான். ஆனால் எல்லா நியூரான்களும் ஓயாமல் ஸ்பைக் அனுப்பும் அளவுக்குத் தரவு நெருக்கமாக வந்தால் இந்தச் சேமிப்பு அடிபட்டுப்போகும். அத்தகைய வேலையை மொத்தமாக அள்ளிப்போட்டுச் செய்வதில் வழக்கமான கிராஃபிக்ஸ் செயலிகளே தேர்ந்தவை.

இந்த எண்ணத்துக்கு உருக்கொடுத்தவர் கலிபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தின் கார்வர் மீட். டிரான்சிஸ்டரை வெறும் திறந்து மூடும் விசையாகக் கருதாமல், அது முழுவதும் திறக்காத நிலையில் மின்னோட்டத்தை நுணுக்கமாக மாற்றும் இயல்பைப் பயன்படுத்தினால், நரம்புச் செல்லின் நடத்தையை மிகக் குறைந்த மின்சாரத்தில் நேரடியாகவே உருவாக்கலாம் என்பதை 1980-களில் அவரும் அவருடைய மாணவர்களும் காட்டினார்கள். மாணவி மிஷா மஹோவால்ட் விழித்திரையின் அமைப்பைச் சிலிக்கானில் உருவாக்கினார். இத்துறையின் தொடக்க காலச் சாதனைகளில் அதற்கு முதன்மையான இடம் உண்டு.

பின்னர் வந்த பெரிய நிறுவனங்களின் சில்லுகள் வேறு வழியில் சென்றன. ஐபிஎம் 2014-இல் வெளியிட்ட ட்ரூநார்த் சில்லில் 540 கோடி டிரான்சிஸ்டர்கள், 10 லட்சம் செயற்கை நியூரான்கள், 25.6 கோடி இணைப்புகள் இருந்தன. அது செலவிட்டதோ 70 மில்லிவாட் அளவில்தான். இன்டெல் 2017-இல் லோயிஹி சில்லையும் 2021-இல் லோயிஹி 2 சில்லையும் அறிமுகப்படுத்தியது. 2024-இல், 1,152 லோயிஹி 2 சில்லுகளை ஒன்றுசேர்த்து, 115 கோடி நியூரான்கள் கொண்ட ஹாலா பாயின்ட் அமைப்பை அமெரிக்காவின் சாண்டியா தேசிய ஆய்வகத்துக்குக் கொடுத்தது. இவை யாவும் இலக்கமுறைச் சில்லுகள். ஸ்பைக் என்னும் கருத்தைப் பூச்சியம், ஒன்று என்ற எண்களால் செயல்படுத்துபவை. மீட் காட்டிய தொடர்முறை (அனலாக்) மின்சுற்றுகளைச் சுவிட்சர்லாந்தின் சூரிக் போன்ற இடங்களிலுள்ள ஆய்வு மையங்களும் சில சிறு நிறுவனங்களும் தொடர்ந்து வளர்த்து வருகின்றன. இந்த இரு வகைகளின் வேறுபாடு மருத்துவத்தில் பெரிதாகத் தலைகாட்டும் என்பதால் அதை அங்கே பார்ப்போம்.

ஐபிஎம் கதையில் கவனிக்க வேண்டிய ஒரு திருப்பம் உண்டு. ட்ரூநார்த்தை உருவாக்கிய தர்மேந்திர மோதாவின் குழுவே 2023-இல் நார்த்போல் என்ற சில்லை வெளியிட்டது. அதில் நினைவகத்தைக் கணக்கிடும் பகுதிகளுக்கு நடுவிலேயே பதித்து வைக்கும் பாடத்தை மூளையிலிருந்து எடுத்துக்கொண்டார்கள், ஸ்பைக்கைக் கைவிட்டுவிட்டார்கள். மூளையிலிருந்து எந்தப் பகுதியை எடுத்துக்கொள்வது, எதை விட்டுவிடுவது என்பது இன்னும் முடிவாகாத கேள்வி என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

சந்தைக்கு வந்த பழைய முயற்சிகள்

இச்சில்லுகள் இப்போதுதான் ஆய்வுக்கூடத்தை விட்டு வெளியே வருகின்றன என்று பலரும் எழுதுகிறார்கள். வரலாறு அவ்வளவு நேரானதன்று. இன்டெல்லின் முதல் நுண்செயலியை உருவாக்கியவர்களில் முதன்மையானவரான ஃபெடெரிகோ ஃபாஜினும் கார்வர் மீடும் சேர்ந்து 1986-இலேயே சினாப்டிக்ஸ் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார்கள். செயற்கை நியூரான்களை இணைத்து உருவாக்கும் நரம்பு வலையமைப்புகளைச் சில்லில் செய்து விற்பதே நோக்கம். கடைசியில் அந்நிறுவனத்துக்குப் பெயர் வாங்கித் தந்தது மடிக்கணினிகளில் விரலால் தடவி இயக்கும் டச்பேட். விரல் எங்கே இருக்கிறது என்பதைக் கண்டுபிடிக்கும் சிறிய, நன்றாக வரையறுக்கப்பட்ட சிக்கலுக்குத்தான் காசு கொடுக்க ஆள் இருந்தது.

இன்னோர் எடுத்துக்காட்டு ஆடியன்ஸ் என்ற நிறுவனம். மீடின் மாணவரான லாயிட் வாட்ஸ் 2000-இல் தொடங்கியது. உட்காதின் சுருள் வடிவ உறுப்பு ஒலியை எப்படிப் பிரிக்கிறது என்பதை முன்மாதிரியாகக் கொண்டு, கைபேசி உரையாடலில் பின்னணி இரைச்சலை நீக்கும் சில்லை அது செய்தது. கண்டிப்பாகப் பார்த்தால் அது ஸ்பைக் சில்லு அன்று, ஆனாலும் உயிரினத்தின் கேள்விப்புலனிலிருந்து எடுத்த பாடம் அதன் அடித்தளம். 2010-இல் வந்த ஐஃபோன் 4-இல் அது இடம்பெற்றது. வாங்கியவர்களில் பெரும்பாலோருக்கு அப்படியொன்று உள்ளே இருப்பதே தெரிந்திருக்காது. 2012-இல், ஆப்பிளின் அடுத்த கைபேசியில் தன் தொழில்நுட்பம் பயன்படாது என்று ஆடியன்ஸ் அறிவித்தபோது அதன் பங்கு விலை கடுமையாகச் சரிந்தது. 2015-இல் நோல்ஸ் நிறுவனம் அதை வாங்கிக்கொண்டது. பெரிய வாடிக்கையாளர் அதே வேலையைத் தன் சொந்தச் செயலியில் செய்துகொள்ள முடியும் என்ற நிலை வந்தால் தனிச் சில்லுக்கு என்ன ஆகும் என்பதை இந்தத் துறையில் முதலீடு செய்பவர்கள் இந்தக் கதையிலிருந்து படித்துக்கொள்ளலாம்.

ஆலைகளிலும் வாகனங்களிலும்

தொழில்துறையில் இன்று மிகவும் முன்னேறியிருப்பது சில்லைவிட அதற்குத் தரவு கொடுக்கும் உணரி (சென்சார்) என்றே நான் கருதுகிறேன். நிகழ்வுக் கேமரா என்று அதைச் சொல்லலாம். சூரிக்கைச் சேர்ந்த ஆய்வாளர்கள் பாட்ரிக் லிக்ட்ஸ்டைனர், டோபி டெல்ப்ரூக் ஆகியோரும் ஆஸ்திரியாவில் பணியாற்றிய கிறிஸ்டோஃப் போஷும் 2008-இல் வெளியிட்ட 128-க்கு 128 படப்புள்ளிகள் கொண்ட உணரி இதற்கு வழிவகுத்தது. இதில் முழுப் படம் என்று ஒன்று எடுக்கப்படுவதே இல்லை. ஒவ்வொரு படப்புள்ளியும் தன்மேல் விழும் வெளிச்சம் முன்பு இருந்ததிலிருந்து குறிப்பிட்ட விகிதத்துக்கு மேல் மாறினால் மட்டும், தான் எந்த இடத்தில் இருக்கிறது, எந்த நேரத்தில் மாறியது, வெளிச்சம் கூடியதா குறைந்ததா என்ற மூன்றை மட்டும் அனுப்பும்.

சாதாரணக் கேமராவுடன் ஒப்பிட்டால் வேறுபாடு விளங்கும். 1,280-க்கு 720 படப்புள்ளிகள் கொண்ட கேமரா நொடிக்கு 30 படங்கள் எடுத்தால், எதிரில் ஒன்றும் அசையாவிட்டாலும் நொடிக்கு 2.76 கோடி மதிப்புகளை அனுப்பிக்கொண்டே இருக்கும். அதே அளவு நிகழ்வுக் கேமரா அசைவற்ற காட்சியின் முன் ஏறக்குறைய எதையும் அனுப்பாது. ஏதேனும் பறந்து போனால், அதன் விளிம்பு கடந்த படப்புள்ளிகள் மட்டும் சில மைக்ரோநொடிகளுக்குள் செய்தி சொல்லும். கடும் வெளிச்சமும் நிழலும் கலந்த இடத்திலும் அதன் பார்வை கெடுவதில்லை. வேகமாக ஓடும் உற்பத்திப் பாதையில் விழும் சிறு பொருட்களை எண்ணுவது, கண்ணால் காண முடியாத அதிர்வை இயந்திரத்தைத் தொடாமலேயே அளப்பது, பற்றவைப்பின்போது தெறிக்கும் பொறிகளைப் பின்தொடர்வது போன்றவற்றுக்கு இது ஏற்றது.

பாரிஸைச் சேர்ந்த புரொஃபெசி நிறுவனம் இவ்வகை உணரிகளில் முன்னணியில் இருப்பது. அது சோனியுடன் இணைந்து உருவாக்கிய உணரியைச் சோனி 2021-இல் அறிவித்தது. தொழில்நுட்பம் இவ்வளவு தேறிய பிறகும், 2024-இல் புரொஃபெசி பண நெருக்கடியால் நீதிமன்ற மேற்பார்வையிலான மீட்பு நடவடிக்கைக்குள் செல்ல நேர்ந்தது. நல்ல பொருளைச் செய்வதும், அதை வாங்கித் தன் உற்பத்திப் பாதையையே மாற்றிக்கொள்ளும் வாடிக்கையாளர்களைப் போதிய எண்ணிக்கையில் சேர்ப்பதும் வெவ்வேறு காரியங்கள்.

வாகனத் துறையில் அதிகம் பேசப்பட்டது மெர்சிடிஸ்-பென்ஸ் 2022 ஜனவரியில் காட்டிய விஷன் இக்யூஎக்ஸ்எக்ஸ் என்ற மாதிரி வாகனம். ஓட்டுநர் வாகனத்தை அழைக்கும் சொல்லைக் கண்டறிவதற்கு அதில் பிரெயின்சிப் நிறுவனத்தின் அகிடா சில்லைப் பயன்படுத்தினார்கள். வழக்கமான குரல் கட்டுப்பாட்டைவிட ஐந்து முதல் பத்து மடங்கு சிக்கனம் என்று மெர்சிடிஸ் கூறியது. மௌனம் மிகுந்த வேலைக்கு இது நல்ல உதாரணம், ஏனெனில் அழைப்புச் சொல் ஒரு பயணத்தில் சில முறைதான் ஒலிக்கும். ஆனால் அது விற்பனைக்கான வாகனம் அன்று, எரிசக்திச் சிக்கனத்தின் எல்லையைக் காட்டுவதற்காகச் செய்யப்பட்ட மாதிரி. இத்துறையின் செய்திகளைப் படிக்கும்போது மாதிரி, ஆய்வு ஒப்பந்தம், உண்மையான விற்பனை என்ற மூன்றையும் பிரித்துப் பார்க்கும் பழக்கம் வேண்டும். இன்டெல்லின் லோயிஹி கூட ஆய்வுக் கூட்டாளிகளின் பயன்பாட்டுக்காகவே கொடுக்கப்பட்டு வருகிறது.

வேதிப்பொருள்களின் வாசனையை அறியும் சோதனை இன்னொன்று. கார்னெல் பல்கலைக்கழகமும் இன்டெல்லும் 2020-இல் வெளியிட்ட ஆய்வில், லோயிஹி சில்லு பத்து வேதிப்பொருள்களின் வாசனைகளை, ஒவ்வொன்றுக்கும் ஒரே ஒரு மாதிரியைப் பார்த்துக் கற்றுக்கொண்டது. இதை 'மோப்பம் பிடிக்கும் சில்லு' என்று எழுதியவர்கள் உண்டு. சில்லு எதையும் முகரவில்லை. 72 வேதி உணரிகள் காற்றுக் குழாய் ஒன்றில் ஏற்கெனவே பதிவு செய்திருந்த தரவே அதற்குக் கொடுக்கப்பட்டது. உணரிகள் நாள்போக்கில் தம் அளவீட்டில் விலகிச் செல்வது, ஈரப்பதத்தால் குழம்புவது ஆகிய நடைமுறைச் சிக்கல்கள் சில்லால் தீர்ந்துவிடுவதில்லை. ஆயினும் ஒரே மாதிரியிலிருந்து கற்கும் திறன், புதிய கசிவு ஒன்றை ஆலையிலேயே கருவிக்குப் பழக்க வேண்டிய சூழலில் மதிப்புள்ளது.

பரவல் மெதுவாக இருப்பது ஏன்?

முதல் தடை பயிற்சி. இன்றைய நரம்பு வலையமைப்புகளைப் பயிற்றும் முறை, வெளிவரும் பிழையைச் சிறிது சிறிதாகப் பின்னோக்கி அனுப்பி ஒவ்வோர் இணைப்பையும் திருத்துவது. அதற்கு ஒவ்வொரு படியிலும் வழவழப்பான மாற்றம் வேண்டும். ஸ்பைக்கோ திடீரென்று நிகழ்வது, உண்டு அல்லது இல்லை என்ற இரண்டே நிலைகள் கொண்டது. நடுவில் சரிவு இல்லாததால் எந்தப் பக்கம் திருத்துவது என்று கணக்கிட முடியாது. இதைச் சமாளிக்க, பயிற்சியின்போது மட்டும் ஸ்பைக்குக்குப் பதிலாக வழவழப்பான ஒரு பதிலிச் சார்பை வைத்துக் கணக்கிடுகிறார்கள், அல்லது வழக்கமான வலையமைப்பைப் பயிற்றிய பின் அதை ஸ்பைக் வடிவத்துக்கு மாற்றுகிறார்கள். இரண்டும் வேலை செய்கின்றன, இரண்டிலும் துல்லியத்தில் சிறிது இழப்பு நேரலாம்.

அடுத்தது மென்பொருள். ஒரு நிறுவனத்தின் பொறியாளர்கள் பல ஆண்டுகளாகப் பழகிய கருவிகள் எல்லாம் வழக்கமான செயலிகளுக்காக எழுதப்பட்டவை. இன்டெல் 2021-இல் லாவா என்ற திறந்த மூலக் கட்டமைப்பை வெளியிட்டது, மற்றவர்களும் தத்தம் கருவிகளைத் தருகிறார்கள். ஒரு சில்லுக்காக எழுதியது இன்னொன்றில் அப்படியே ஓடாது என்பது வாங்குபவரைத் தயங்க வைக்கிறது.

மூன்றாவது, எதிர்தரப்பு சும்மா இருக்கவில்லை. சிறு கருவிகளை இயக்கும் மலிவான சாதாரணச் சில்லுகளான நுண்கட்டுப்படுத்திகளிலேயே சிறிய நரம்பு வலையமைப்புகளை ஓட்டும் கலை மிக வேகமாக வளர்ந்துவிட்டது. பத்து மடங்கு சேமிப்பு என்று தொடங்கிய பொருள் சந்தைக்கு வருவதற்குள் அந்த வேறுபாடு பாதியாகக் கரைந்துபோகலாம். அதோடு சில்லின் மின்செலவு மட்டுமே கருவியின் மின்செலவு அன்று. ஒலிவாங்கி, ஒலியை எண்களாக மாற்றும் சுற்று, வானொலி அலைபரப்பி எல்லாம் சேர்ந்ததுதான் மொத்தம். சில்லு அந்த மொத்தத்தில் ஐந்தில் ஒரு பங்குதான் என்றால், அதன் செலவை முழுவதும் நீக்கினாலும் பேட்டரியின் ஆயுள் கால் பங்குதான் கூடும். விளம்பரங்களில் வரும் 'நூறு மடங்கு' என்பது எதை எதனுடன் ஒப்பிட்டுச் சொன்னது என்று கேட்டாக வேண்டும்.

இதையெல்லாம் உணர்ந்தவர்கள் தூய ஸ்பைக் சில்லாக விற்காமல் கலப்பாகக் கொடுக்கத் தொடங்கியிருக்கிறார்கள். நெதர்லாந்தின் டெல்ஃப்ட் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்திலிருந்து கிளைத்த இன்னடெரா 2025-இல் வெளியிட்ட பல்சர், ஸ்பைக் பகுதியோடு சாதாரணச் செயலியையும் வழக்கமான நரம்பு வலையமைப்புக்கான பகுதியையும் ஒரே நுண்கட்டுப்படுத்தியில் சேர்த்திருக்கிறது. மௌனத்தைக் காவல் காப்பது ஸ்பைக் பகுதி, ஏதாவது நிகழ்ந்தால் மற்றவற்றை அது எழுப்பிவிடும். வணிக நோக்கில் எனக்கு மிகவும் அறிவுக்குப் பொருத்தமாகப் படும் வழி இதுதான்.

மருத்துவத்தில்

இதய மின்வரைவை (இசிஜி) எடுத்துக்கொள்வோம். நிமிடத்துக்கு 72 முறை துடிக்கும் இதயம் ஒரு நாளில் ஒரு லட்சத்துக்கும் மேல் துடிக்கிறது. நொடிக்கு 250 முறை அளவெடுக்கும் கருவி ஒரு நாளில் 2 கோடியே 16 லட்சம் எண்களைச் சேர்க்கும். ஆனால் ஒவ்வொரு துடிப்பின் வரைவிலும் கூர்மையாக எழுந்து விழும் பகுதி ஏறத்தாழ பத்தில் ஒரு நொடிதான். மீதி நேரத்தில் கோடு தட்டையாகவோ மெல்ல வளைந்தோ செல்கிறது. சமிக்ஞை ஒரு குறிப்பிட்ட அளவு ஏறினாலோ இறங்கினாலோ மட்டும் ஒரு ஸ்பைக் உண்டாகும்படி செய்தால், கூர்முனையில் ஸ்பைக்குகள் கொத்தாக வரும், தட்டையான இடத்தில் அநேகமாக ஒன்றும் வராது. அந்தக் கொத்துகளுக்கு இடையிலான இடைவெளி ஒழுங்காக இருக்கிறதா, சிதறுகிறதா என்பதை நியூரான்கள் பார்த்தால் போதும். வந்து வந்து மறையும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் போன்ற லயக் கோளாறுகளை ஓரிரு நாள் பதிவில் பிடிப்பது கடினம் என்பதால், வாரக்கணக்கில் சார்ஜ் செய்யாமல் உடலில் ஒட்டியிருக்கும் கருவிக்குத் தேவை உண்மையானது.

உடலுக்குள் பதிக்கப்படும் கருவிகளில் இந்தச் சிக்கனம் வசதிக்கானது மட்டுமன்று. மூளைத் திசுவின் வெப்பம் ஓரிரு டிகிரி கூடுவதே ஆபத்து என்பதால், அங்கே வைக்கப்படும் மின்சுற்று எவ்வளவு சூடாகலாம் என்பதற்குக் கண்டிப்பான எல்லை உண்டு. ஆயிரம் மின்முனைகளிலிருந்து ஒவ்வொன்றும் நொடிக்கு 30,000 அளவுகள், அளவுக்குப் பத்து பிட் வீதம் எடுத்தால் நொடிக்கு 30 கோடி பிட்டுகள் சேரும். இவ்வளவையும் கம்பியில்லாமல் வெளியே அனுப்புவது வெப்பத்திலும் பேட்டரியிலும் கட்டுப்படியாகாது. பதித்த இடத்திலேயே தேவையானதை மட்டும் பிரித்தெடுத்து, அந்தச் சுருக்கத்தை அனுப்புவதே வழி.

வலிப்பு நோய் இதில் நன்கு ஆராயப்பட்ட ஒன்று. மருந்துக்குக் கட்டுப்படாத வலிப்பில், மூளையின் எந்தப் பகுதியிலிருந்து அது கிளம்புகிறது என்று அறிந்து அப்பகுதியை அறுவை செய்து நீக்குவார்கள். அந்த இடத்தைக் காட்டிக்கொடுக்கும் தடயங்களில் ஒன்று, நொடிக்கு 80 முதல் 500 முறை வரை அதிரும் மிகச் சிறிய அலைக்கொத்துகள். சூரிக் ஆய்வாளர்கள் 2021-இல் நேச்சர் கம்யூனிகேஷன்ஸ் இதழில், நோயாளிகளின் மூளைக்குள்ளிருந்து எடுத்த பதிவுகளில் இந்த அலைக்கொத்துகளை ஒரு தொடர்முறை ஸ்பைக் சில்லு நிகழ்நேரத்தில் கண்டறிய முடியும் என்று காட்டினார்கள். நீண்ட பதிவுகளை நிபுணர் உட்கார்ந்து கண்ணால் தேடும் வேலையை இது குறைக்கக்கூடும்.

பார்வைத் துறையில் நிகழ்ந்தது இன்னும் வியப்புக்குரியது. விழித்திரை நிறமிச் சிதைவு நோயால் பல்லாண்டுகளுக்கு முன்பே பார்வை இழந்த 58 வயது மனிதரின் கண்ணில், ஒளிக்கு வினையாற்றும் புரதத்துக்கான மரபணுவைச் செலுத்தினார்கள். சாதாரண வெளிச்சத்தில் அந்தப் புரதத்துக்குத் தூண்டுதல் போதாது. எனவே அவருக்கு ஒரு கண்ணாடி கொடுக்கப்பட்டது. அதிலுள்ள நிகழ்வுக் கேமரா வெளிச்ச மாற்றங்களைப் பிடித்து, அவற்றைச் செம்மஞ்சள் ஒளித் துடிப்புகளாக விழித்திரையின் மேல் பாய்ச்சும். 2021-இல் நேச்சர் மெடிசின் இதழில் வந்த முடிவின்படி, மாதக்கணக்கான பயிற்சிக்குப் பின், கண்ணாடி அணிந்த நிலையில் மேசைமேல் இருந்த பெரிய நோட்டுப் புத்தகத்தை 92 விழுக்காடு சோதனைகளில் கண்டுகொண்டு தொட்டார். ஸ்டேப்ளர் பின்கள் இருந்த சிறிய பெட்டியை 36 விழுக்காட்டில்தான் அவரால் தொட முடிந்தது. கண்ணிலிருந்து மூளைக்குச் செல்லும் நரம்புகள் பேசும் மொழியே ஸ்பைக்தான் என்பதால், மாற்றத்தை மட்டும் சொல்லும் கேமரா இங்கே இயல்பான துணை. அசையாத காட்சி எந்தச் செய்தியையும் தராது என்பதால், அணிந்தவர் தலையை அசைத்துத்தான் பார்க்க வேண்டும் என்பது அதன் மறுபக்கம்.

ஆய்விலிருந்து மருத்துவமனைக்கு வரும் பாதையில் சில்லின் வேகமோ சிக்கனமோ பெரிய தடையில்லை. ஒழுங்குமுறை அமைப்புகள் கேட்பது வேறு: இந்தக் கருவி ஒரே உள்ளீட்டுக்கு ஒவ்வொரு முறையும் ஒரே விடையைத் தருமா, இந்த வரிசை எண் கொண்ட கருவியும் அடுத்த வரிசை எண் கொண்ட கருவியும் ஒன்றுபோல் நடக்குமா என்பவை. இலக்கமுறைச் சில்லுகள் இதற்கு எளிதாகப் பதில் சொல்லும். தொடர்முறைச் சில்லுகளிலோ, உற்பத்தியின்போது டிரான்சிஸ்டருக்கு டிரான்சிஸ்டர் நேரும் நுண்ணிய வேறுபாடுகள், அவை பயன்படுத்தும் மிகக் குறைந்த மின்னோட்டத்தில் பெரிதாகத் தெரியும். ஒவ்வொரு சில்லையும் தனித்தனியே அளந்து சரிசெய்ய வேண்டும், வெப்பநிலை மாறினாலும் நடத்தை மாறாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அதிக மின்சிக்கனம் தரக்கூடிய வகையே சான்றளிப்பதற்கு அதிகச் சிரமம் தரும் வகையாகவும் இருக்கிறது.

பயன்பாட்டின்போதே கற்றுக்கொள்ளும் திறனிலும் இதே முரண். ஒவ்வொரு நோயாளியின் இதயத் துடிப்பும் வலிப்பின் வடிவமும் வேறு வேறு என்பதால், கருவி அவரவரைப் பார்த்துப் பழகிக்கொள்வது மருத்துவ நோக்கில் விரும்பத்தக்கது. ஆனால் அங்கீகாரம் வழங்கப்பட்டது சோதிக்கப்பட்ட ஒரு வடிவத்துக்கே, பழகப் பழக மாறிக்கொண்டே போகும் ஒன்றுக்கு அன்று. அமெரிக்காவில் 2022 டிசம்பரில் நிறைவேறிய சட்டத் திருத்தம் இதற்கு ஒரு நடுவழியைத் திறந்தது. எந்தெந்த மாற்றம், எந்த எல்லைக்குள், எப்படிச் சோதிக்கப்பட்டுச் செய்யப்படும் என்ற திட்டத்தை உற்பத்தியாளர் முன்கூட்டியே கொடுத்து ஒப்புதல் பெற்றால், அந்த மாற்றங்களுக்காக மறுபடியும் முழு விண்ணப்பம் போட வேண்டியதில்லை. ஒரு நோயாளிக்கேற்ப ஸ்பைக் எல்லையை 10-இலிருந்து 12 ஆக உயர்த்துவது போன்ற திருத்தம் இந்தச் சட்டகத்துக்குள் அடங்கக்கூடும். இணைப்பு வலிமைகள் அனைத்தும் நாள்தோறும் தாமாகவே மாறும்படி விடப்பட்ட சில்லை அதற்குள் கொண்டுவருவது எளிதன்று. ஆகவே மருத்துவக் கருவி செய்பவர்கள், கற்கும் திறனுள்ள சில்லை வாங்கினாலும், அந்தத் திறனை அணைத்து வைத்தே முதலில் விண்ணப்பிப்பது நடைமுறைக்கு உகந்தது.